பிடிபடாத எக்செப்ஷனுக்கு நாமே பொறுப்பு

கடைக் கவுன்டரிலும் மருத்துவமனை ரிசப்ஷனிலும் கூட்டுறவுச் சங்க மேசையிலும் ஓடுகிற டெஸ்க்டாப் மென்பொருளை எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் நிரலில் நடந்த தவறை மறைக்காதீர்கள். எந்த த்ரெட்டில் எக்செப்ஷன் எழுந்தாலும் அது பதிவாக வேண்டும். அதனால் பாதிக்கப்படுகிறவருக்கு அது தெரிய வேண்டும். தன் நிலை தனக்கே தெரியாமல் போன நிரல் நின்றுவிட வேண்டும். நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

வெப் அப்ளிகேஷனில் தவறு நடந்தால் சர்வர் லாக் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப் மென்பொருள் யாரோ ஒருவரின் கடையில், நாம் பார்த்தே இராத ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அங்கே நடப்பதற்கு நிரலைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சி பொய் சொன்னால் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். கவுன்டரில் இருக்கும் பெண் பில் போடுகிறார். பில் உடனே சேமிக்கப்படுகிறது. சரக்கு இருப்பைக் கழிக்கும் வேலைக்குச் சற்று நேரம் பிடிக்கும், அதுவரை திரை உறைந்து நிற்கக் கூடாது என்று அதை டாஸ்க்.ரன் போட்டுப் பின்னணிக்குத் தள்ளியிருக்கிறோம். அதற்கு அவைட் போடவில்லை. பிற்பகலில் டேட்டாபேஸில் ஒரு டெட்லாக் வருகிறது, அல்லது நெட்வொர்க் ஒயர் லூசாகி டைம்அவுட் ஆகிறது. பின்னணியில் எக்செப்ஷன் எழுகிறது, அதைக் கேட்க ஆளில்லை. திரையில் பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வருகிறது. இரவு கல்லாப் பணம் சரியாக இருக்கிறது. மாதக் கடைசியில் அலமாரியில் இருப்பதை எண்ணினால் கம்ப்யூட்டர் காட்டும் கணக்கைவிட நாற்பது அட்டை மாத்திரை குறைகிறது. முதலாளி கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பாரா, கவுன்டரில் இருந்தவரைச் சந்தேகிப்பாரா? அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது? நாம் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு அவர் மாதச் சம்பளத்தில் பிடித்தம் வரும், நல்ல பெயரும் போகும்.

இது கற்பனை பயமுறுத்தல் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் அஞ்சல் கவுன்டர்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற மென்பொருள் புழக்கத்துக்கு வந்தது. அது காட்டிய கணக்குக் குறைவுகளை ஆதாரமாக வைத்து, சிறு அஞ்சலகங்களை நடத்தியவர்களில் 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்கள் உண்டு, சொத்தை இழந்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் குறைவைக் காட்டக்கூடியவை என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளையில் 8,000 பவுண்ட் ரொக்க வரவைப் பதிவு செய்தார்கள். என்டர் தட்டியும் திரை நகரவில்லை. பதிவாகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் உள்ளே ஒரு வரவாக ஏறியது. கையில் வந்த பணம் 8,000, கணக்கில் ஏறியது 32,000. ஆக 24,000 பவுண்ட் குறைவு. அந்தக் கிளையில் காரணம் வெளிவந்துவிட்டது. பிடிபடாத எக்செப்ஷனால்தான் அது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உள்ளே நடந்ததைத் திரை சொல்லாமல் விட்டால், பழி விசைப்பலகைக்கு முன்னால் இருப்பவர் தலையில்தான் விழும் என்பதற்காகச் சொல்கிறேன். காரணம் எதுவானாலும் விளைவு இதுதான்.

இனி நம் வேலைக்கு வருவோம். நம் நாட்டில் கவுன்டர் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுவது, அதில் டாட்நெட்டில் எழுதியது ஏராளம். ஆகவே டாட்நெட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதற்கென்று தனியான கால் ஸ்டாக் உண்டு. எக்செப்ஷன் தான் எழுந்த த்ரெட்டின் ஸ்டாக்கில்தான் மேலே ஏறும், பக்கத்து த்ரெட்டுக்குத் தாவாது. மெயின் முழுவதையும் ஒரு ட்ரை-கேட்சுக்குள் வைத்துவிட்டேன், எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். த்ரெட்டைத் தொடங்கிவைத்த இடத்தில் போட்ட ட்ரை, அந்த த்ரெட்டுக்குள் நடப்பதைப் பிடிக்காது. ஆகவே காவலும் ஒரே வாசலில் நின்றால் போதாது.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் மூன்று வாசல்கள் உண்டு. திரையைக் கவனிக்கும் யூஐ த்ரெட்டில் பிடிபடாதது அப்ளிகேஷன்.த்ரெட்எக்செப்ஷன் வழியாக வரும். வேறு எந்த த்ரெட்டில் பிடிபடாமல் போனாலும் ஆப்டொமைனின் அன்ஹேண்டில்ட்எக்செப்ஷனுக்கு வரும். யாரும் அவைட் செய்யாத டாஸ்க்கின் தோல்வி டாஸ்க்ஷெட்யூலரின் அன்அப்சர்வ்ட்டாஸ்க்எக்செப்ஷனுக்கு வரும். டபிள்யூபிஎஃப் என்றால் முதல் வாசலின் பெயர் டிஸ்பாட்சர்அன்ஹேண்டில்ட்எக்செப்ஷன். மூன்றையும் நிரல் தொடங்கும்போதே, முதல் ஜன்னல் திறக்கும் முன்பே கட்டிவிடுங்கள். முதல் வாசலின் நடத்தையைத் தீர்மானிக்கும் செட்அன்ஹேண்டில்ட்எக்செப்ஷன்மோட், ஒரு ஜன்னல் உருவான பிறகு அழைத்தால் ஏற்காது.

வாசல் கட்டினால் மட்டும் போதாது, எந்த வாசல் எதற்கு என்பது தெரிய வேண்டும். இரண்டாவது வாசல் காப்பாற்றுகிற இடமில்லை. அங்கே செய்தி வரும்போது நிரலின் முடிவு உறுதியாகிவிட்டது. லாக் எழுதக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது வாசலை நம்பி வேலையை விடவே கூடாது. தோற்றுப்போன டாஸ்க்கை கார்பேஜ் கலெக்டர் அப்புறப்படுத்த வரும்போதுதான் அது பேசும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, நிரல் மூடும்வரை வராமலே போகலாம். 2010இல் வந்த டாட்நெட் 4.0இல் இப்படிக் கவனிக்கப்படாத டாஸ்க் நிரலையே வீழ்த்தும். 2012இல் வந்த 4.5இலிருந்து அது வீழ்த்துவதில்லை, பேசாமல் போய்விடுகிறது. மருந்துக் கடை உதாரணத்தில் அந்தப் பெண்ணைச் சிக்கவைத்தது இந்த மௌனம்தான். எனவே ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அவைட் போடுங்கள். போட முடியாத இடத்தில், டாஸ்க்குக்கு உள்ளேயே முழு வேலையையும் ட்ரை-கேட்சுக்குள் வைத்துத் தோல்வியைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்.

எக்செப்ஷன் சத்தமில்லாமல் மறைகிற இன்னும் சில மூலைகள் உண்டு. பேக்கிரவுண்ட்வொர்க்கரில் எழுந்தது, வேலை முடிந்ததும் வரும் ஈவென்ட்டின் எரர் என்ற பகுதியில் உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்து பார்க்காதவருக்கு வேலை நன்றாக முடிந்ததாகவே தோன்றும். சிஸ்டம்.டைமர்ஸில் உள்ள டைமர், தன் ஈவென்ட்டில் எழும் எக்செப்ஷனைத் தானே விழுங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேக்அப் எடுக்கும் வேலையை அதில் வைத்தவர்கள் இன்றே திறந்து பாருங்கள். அசிங்க் வாய்ட் என்று எழுதிய மெத்தடை அழைத்தவர் போட்ட ட்ரை-கேட்ச் பிடிக்காது. பட்டன் கிளிக் போன்ற ஈவென்ட்டுகளுக்கு மட்டும் அதை வையுங்கள், அங்கேயும் உள்ளுக்குள் கேட்ச் இருக்கட்டும்.

வேறு மொழிகளில் எழுதுகிறவர்களும் விலகி நிற்க வேண்டாம். ஜாவாவில் 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஹேண்ட்லர் வைக்கலாம். ஆனால் எக்சிக்யூட்டருக்கு எக்சிக்யூட்டுக்குப் பதிலாக சப்மிட் வழியாக வேலை கொடுத்தால் எக்செப்ஷன் ஃப்யூச்சருக்குள் அடைபட்டு, நீங்கள் கெட் சொல்லும்வரை வெளியே வராது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் வேலையில் ஒருமுறை எக்செப்ஷன் எழுந்தால் அடுத்த முறை அது ஓடவே ஓடாது. பைத்தானில் சிஸ்.எக்செப்ட்ஹுக் மெயின் த்ரெட்டைத்தான் பார்க்கும். மற்ற த்ரெட்டுகளுக்கான த்ரெடிங்.எக்செப்ட்ஹுக் 2019இல் 3.8 பதிப்போடுதான் வந்தது. உங்கள் கருவியில் வாசல்கள் எத்தனை, எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் த்ரெட் தொடங்காதீர்கள்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறுக்கு வருகிறேன். எக்செப்ஷன் என்று ஒன்றைப் பிடித்து, அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே எழுதாமல் விடுவது. சில இடங்களில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அந்த அப்புறம் வருவதே இல்லை. டபிள்யூபிஎஃப்பில் எதைப் பிடித்தாலும் ஹேண்டில்ட் என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு மேலே போவதும் இதே தவறுதான். நிரல் விழவில்லை என்பது உண்மை. ஆனால் அது இனி சரியாக ஓடுகிறது என்பதற்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது?

ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு த்ரெட் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணக்குகளில் ஒன்றில் கழித்துவிட்டது, மற்றதில் கூட்டும் முன் எக்செப்ஷன். சி ஷார்ப்பில் லாக் என்று எழுதும் அந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அடுத்த த்ரெட் உள்ளே நுழைந்து, பாதி மாறிய தரவை முழு உண்மையென்று எடுத்துக்கொள்ளும். அதை வைத்து நாள் முழுவதும் பில் போடும், அறிக்கை தயாரிக்கும். விழுந்த நிரலை இரண்டு நிமிடத்தில் மறுபடி தொடங்கிவிடலாம். மூன்று மாதம் தவறாகச் சேர்ந்த கணக்கை யார் பிரித்தெடுப்பது?

மைக்ரோசாஃப்ட் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. டாட்நெட் 1.0, 1.1 காலத்தில் பின்னணி த்ரெட்டில் பிடிபடாத எக்செப்ஷன் எழுந்தால் நிரல் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். 2005இல் வந்த 2.0 அதை மாற்றியது. எந்த த்ரெட்டில் பிடிபடாமல் போனாலும் நிரல் முழுவதும் நிற்கும். பழைய நிரல்களுக்காக, பழைய நடத்தைக்குத் திரும்ப கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரிக்கு இடம் வைத்தார்கள். அந்த வரியை நீங்கள் போடாதீர்கள். நோயைத் தொடாமல் காய்ச்சலை மட்டும் மறைக்கிற மாத்திரை அது.

எதைப் பிடிக்கலாம் என்று கேட்பீர்கள். சரிசெய்யத் தெரிந்ததைப் பிடியுங்கள். பிரின்டரில் தாள் இல்லையா, பிடித்து, தாள் வைத்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். நெட்வொர்க் போனதா, சில முறை முயன்றுவிட்டுச் சொல்லுங்கள். ஃபைல் திறக்கவில்லையா, எந்த ஃபைல் என்று பெயரோடு சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அதன் வகைப்பெயரோடு, அது நடக்கும் இடத்துக்கு அருகில் பிடியுங்கள். நல் ரெஃபரன்ஸ் போல எங்கிருந்து வந்தது, எதைக் கெடுத்தது என்றே தெரியாதது வந்தால் தொடராதீர்கள். மேலே அனுப்ப வேண்டியிருந்தால் வெறும் த்ரோ என்று எழுதுங்கள். பிடித்த எக்செப்ஷனின் பெயரையும் சேர்த்து எழுதினால், அது எங்கே பிறந்தது என்ற தடயம் அழிந்துவிடும்.

நிற்கும் முன் செய்ய வேண்டிய கடமைகள் மூன்று.

முதல் கடமை, எழுதி வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் முதலில் எழுதுங்கள். டேட்டாபேஸில் மட்டும் லாக் எழுதுகிறவர்கள், கெட்டுப்போனதே டேட்டாபேஸ் என்றால் என்ன செய்வார்கள்? நேரம், நிரலின் பதிப்பு, த்ரெட்டின் பெயர், ஸ்டாக் ட்ரேஸ், உள்ளடங்கிய எக்செப்ஷன்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மெசேஜ் மட்டும் எழுதிப் பயனில்லை. அதற்காக த்ரெட்டுகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தையும் கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், பாஸ்வேர்ட், கனெக்ஷன் ஸ்ட்ரிங் ஆகியவை லாக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, பயனரின் உழைப்பைக் காப்பாற்றுங்கள். தட்டச்சு செய்து சேமிக்காமல் இருப்பதைத் தனி ஃபைலில் எழுதுங்கள். மூல ஃபைலின் மேல் எழுதிவிடாதீர்கள். நிலை குலைந்த நிரல் எழுதுவது நல்லதைக் கெடுத்துவிடக்கூடும்.

மூன்றாவது, உண்மையைச் சொல்லுங்கள், புரியும்படி சொல்லுங்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதன் மென்பொருளில் ஒரே நேரத்தில் ஓடிய வேலைகள் ஒன்றையொன்று முந்தியதுதான் டெக்சாஸின் டைலர் நகர விபத்துகளுக்குக் காரணம். 1986இல் அங்கே திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. அது அபாயம் என்று சொல்லவில்லை, என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. அடிக்கடி இப்படி எண்கள் வருவதைப் பார்த்துப் பழகியிருந்த ஆபரேட்டர், தொடர்வதற்கான பி விசையைத் தட்டினார். நோயாளிக்கு இரண்டாம் முறையும் கதிர்வீச்சு பாய்ந்தது. அவர் பிழைக்கவில்லை.

நம் விண்டோஸ் ஃபார்ம்ஸிலும், நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் யூஐ த்ரெட்டின் எக்செப்ஷனுக்கு ஒரு பெட்டி வரும். அதில் தொடர்வதற்கு ஒரு பட்டன், வெளியேற ஒரு பட்டன். உள்ளே என்ன கெட்டது என்று எழுதிய நமக்கே தெரியாதபோது, வரிசையில் ஆள் நிற்கும் அவசரத்தில் கவுன்டரில் இருப்பவர் அதை எப்படி முடிவு செய்வார்? அந்த முடிவை அவர் மேல் சுமத்தாதீர்கள். ‘பில் எண் 1042 சேமிக்கப்பட்டது. இருப்புக் கழிக்கப்படவில்லை. நிரல் மூடப்படுகிறது. மறுபடி திறந்ததும் இந்தப் பில்லைச் சரிபாருங்கள்’ என்று எழுதுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, இனி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இதை எழுத ஐந்து நிமிடம் போதும்.

சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். பின்னணி த்ரெட்டிலிருந்து திரையை நேரடியாகத் தொடாதீர்கள். பிகின்இன்வோக் வழியாக யூஐ த்ரெட்டிடம் கொடுங்கள். யூஐ த்ரெட் பதில் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். அது உங்கள் த்ரெட் வைத்திருக்கும் பூட்டுக்காகவே காத்திருந்தால் இரண்டும் உறைந்துபோகும், லாக் ஃபைலில் ஒரு வரியும் ஏறாது. திரையை வரையும் பெயின்ட் ஈவென்ட்டில் தவறு இருந்தால், செய்திப் பெட்டியை மூடியதும் திரை மறுபடி வரையப்பட்டு அதே பெட்டி மறுபடி வரும். ஒருமுறை சொல்லியாயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை வந்தால் மூடிவிடுங்கள்.

மறுப்பு சொல்வீர்கள் என்று தெரியும். ‘பெட்டி வந்தால் கஸ்டமர் கோபப்படுகிறார், வராமல் செய் என்று மேனேஜர் சொல்கிறார்.’ கஸ்டமர் கோபப்படட்டும். இன்று ஒரு பெட்டிக்காகக் கோபப்படுகிறவர், கணக்கு தப்பாகிவிட்டது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் உங்களை மன்னிக்கவே மாட்டார். மேனேஜரிடம் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்: பெட்டியை நிறுத்த வழி பிழையைத் திருத்துவது. ‘டெலிவரிக்கு நேரமில்லை’ என்பீர்கள். மூன்று வாசல்களைக் கட்ட அரை நாள் போதும். ‘என் பகுதியில் பிழை வராது’ என்பீர்கள். நெட்வொர்க் உங்கள் பகுதியில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் கரண்ட்டும் இல்லை. அவையெல்லாம் உங்கள் த்ரெட்டைத் தொடத்தான் போகின்றன.

குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். க்ராஷ் ரிப்போர்ட் கொண்டுவருகிறவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் இடத்தில் வெற்றுக் கேட்ச்கள் பெருகும். பிழை வெளியே தெரிந்தது நல்லது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கோட் ரிவியூவில் வெற்றுக் கேட்ச் இருந்தால், யார் எழுதியிருந்தாலும், எவ்வளவு அவசரமானாலும் திருப்பி அனுப்புங்கள்.

நாளைக் காலை வேலைக்கு உட்கார்ந்ததும் முதலில் இதைச் செய்யுங்கள். ப்ராஜெக்ட் முழுவதும் கேட்ச் என்று தேடுங்கள். வெறுமையாக இருக்கும் ஒவ்வொன்றிலும் குறைந்தது லாக் எழுதும் ஒரு வரியைச் சேருங்கள், பிறகு ஒவ்வொன்றாக அது தேவையா என்று தீர்மானியுங்கள். அவைட் இல்லாத டாஸ்க்.ரன் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று வாசலையும் கட்டுங்கள். பிறகு சோதனைத் திரை ஒன்றில் மூன்று பட்டன்கள் வையுங்கள்: யூஐ த்ரெட்டில் ஒன்று, தனி த்ரெட்டில் ஒன்று, கவனிக்கப்படாத டாஸ்க்கில் ஒன்று என வேண்டுமென்றே எக்செப்ஷனை எழுப்புங்கள். மூன்றாவதற்குக் கார்பேஜ் கலெக்டரையும் நீங்களே ஓடவையுங்கள், இல்லாவிட்டால் அந்த வாசல் பேசாமலே போகலாம். விஷுவல் ஸ்டுடியோவுக்குள் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டீபக்கர் ஒட்டியிருக்கும்போது யூஐ த்ரெட்டின் எக்செப்ஷன் வேறு வழியில் போகும். எக்ஸ்இ ஃபைலை நேராகத் திறந்து, கஸ்டமர் ஓட்டுவது போலவே ஓட்டுங்கள். மூன்று முறையும் லாக் ஃபைலில் பதிவு ஏறியதா, செய்தி புரிகிறதா, நிற்க வேண்டிய நிரல் நின்றதா என்று பாருங்கள்.

நம் நிரலை நம்பித்தான் முன்பின் தெரியாத ஒருவர் தினமும் கல்லாவில் உட்கார்கிறார். சேமித்துவிட்டேன் என்று நிரல் சொன்னால் அது சேமித்திருக்க வேண்டும். சேமிக்கவில்லையென்றால் அதைச் சொல்லியாக வேண்டும். இதை உறுதி செய்யாமல் அடுத்த பதிப்பை வெளியே அனுப்பாதீர்கள்.